ஒன்பதாம் படியில் தண்ணீர்: பவானியில் ஒரு நெசவாளர் வீடு வெள்ளத்துக்குத் தயாரான விதம்

பின்னணி

பவானியில், காவிரியும் பவானி ஆறும் சேரும் கூடுதுறைக்குக் கூப்பிடு தூரத்தில், காவிரிக் கரையை ஒட்டி ஒரு தெரு இருக்கிறது. அங்கே ஜமக்காளம் நெய்யும் ஒரு குடும்பம் 2018 வெள்ளத்தில் நன்றாக அடிபட்டது. 2022 வெள்ளத்தை அதே குடும்பம் வேறு விதமாகச் சந்தித்தது. நடுவில் இருந்த நாலு வருடத்தில் அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நான் தீயணைப்பு, மீட்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மேட்டில் குடியிருக்கிறேன். வீட்டாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரோ அடையாளமோ எதுவும் சொல்லவில்லை.

வீட்டில் ஏழு பேர். எழுபத்தாறு வயதுப் பாட்டி. அவருடைய மகன், தறி நெய்பவர்; சர்க்கரை நோய்க்கு தினமும் இன்சுலின் போடுகிறவர். அவரை இங்கே பெரியவர் என்று குறிப்பிடுகிறேன். அவர் மனைவி, அவரோடு கூட உட்கார்ந்து நெய்வார். இவர்களுடைய மகன் மில்லில் ஷிப்டு வேலை. மருமகள் தையல் வேலைக்குப் போகிறார். பேத்திக்கு அப்போது பத்து வயது, பேரனுக்கு ஆறு.

வீடு இரண்டு பகுதி. முன்னால் ஓட்டு வீடு, அதில் ஒரு குழித்தறி. பின்னால் பிற்பாடு கட்டிய தார்சு (தளம் போட்ட) அறை ஒன்று, அதற்கு மேலே மொட்டை மாடி. குழித்தறியில் நெய்பவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிப்பார். ஆக, வீட்டிலேயே ஆகத் தாழ்வான இடம்தான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடும் இடம். இதை முதலிலேயே நான் யோசித்திருக்க வேண்டும்.

2018 ஆகஸ்ட்

அந்த வருடம் ஜூலை கடைசியில் மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. ஆகஸ்ட் நடுவில் குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்ட, அணையிலிருந்து திறந்த தண்ணீர் ஒன்றரை லட்சம் கன அடியைத் தாண்டியது. பவானிசாகர் அணையிலிருந்தும் உபரி நீர் வந்துகொண்டிருந்தது. கூடுதுறைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. காவிரி நிறைந்து ஓடும்போது பவானி ஆற்றுத் தண்ணீர் அதில் சேர வழியில்லாமல் பின்னால் ஏறும். மேட்டூர்க் கணக்கை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஏமாந்துபோவோம்.

காலையிலிருந்து ஒலிபெருக்கி வண்டி தெருவில் போய்க்கொண்டே இருந்தது. பெரியவர் நகரவில்லை. "ரெண்டாயிரத்தஞ்சுல வந்த தண்ணியே திண்ணையோட நின்னுருச்சு. நான் பார்க்காத தண்ணியா?" என்றார். ராத்திரி பத்து மணிக்கு முழங்கால், பன்னிரண்டுக்கு இடுப்பு. பாட்டியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். குழந்தைகளை மருமகளும் பக்கத்து வீட்டுப் பையனும் தோளில் வைத்துக் கொண்டுவந்தார்கள். மகன் அன்று இரவு ஷிப்டில் இருந்தார். விடியும்வரை அவருக்குச் சேதியே போகவில்லை.

இன்சுலின் ஃபிரிட்ஜிலேயே நின்றுபோனது. முகாமில் மருத்துவக் குழு இருந்தது, கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். பெரியவர் கேட்கவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் வாய் உலர்ந்து, தலை சுற்றி, எழ முடியாமல் கிடந்தவரை 108 வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

திரும்பி வந்தபோது பாதி நெய்த பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல், சேற்றில் கிடந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த இரும்புப் பெட்டியில் ரேஷன் கார்டு, பட்டா, பேங்க் பாஸ்புக் எல்லாம் கூழாகியிருந்தன. சிலிண்டர் மிதந்து சுவரில் மோதி, டியூப் பிய்ந்து, அறை முழுக்க கேஸ் வாடை. நிறைந்த சிலிண்டர் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 14.2 கிலோ கேஸும் இரும்பும் சேர்ந்து முப்பது கிலோ சுமாருக்குத்தான் வரும். அது விலக்கும் தண்ணீர் அதைவிட அதிகம். அதனால் முழு சிலிண்டரும் மிதக்கும். காலி என்றால் பந்து மாதிரி ஓடும்.

மருமகளின் முயற்சி

தீபாவளி கழிந்ததும் மருமகள் செல்போனைப் பார்த்து நாற்பதுக்கும் மேல் சாமான்கள் கொண்ட ஒரு பட்டியல் எழுதினார். தன் தையல் காசில் டார்ச், மெழுகுவர்த்தி, கயிறு, பிஸ்கட், மருந்து எல்லாம் வாங்கி ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டினார். மூன்று மாதத்தில் டார்ச் செல் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. பிஸ்கட்டைப் பிள்ளைகள் தின்றார்கள். கயிறு கொடியானது. கடைசியில் பையையே ஒரு கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பொருள் போனதைவிட அவரை வருத்தியது பேச்சு. பாட்டி, "வீட்டுல எந்நேரமும் மூட்டை கட்டி வெச்சா, வீடு நம்மள வெளிய அனுப்பிரும்" என்றார். பெரியவர் அந்தப் பையை ஏறிட்டும் பார்க்கவில்லை. கணவர், "பத்து வருசத்துக்கு ஒருக்கா வர்றதுக்கு மாசாமாசம் செலவு பண்ணணுமா?" என்று கேட்டார். 2019 தை மாதம் மருமகள் என்னிடம் வந்தார். "ஏனுங்ண்ணா, நான் சொன்னா வீட்டுல ஒருத்தரும் காதுல போட்டுக்க மாட்டேங்கறாங்க. நீங்க யூனிபாரம் போட்டவரு, நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார்.

முதல் கூட்டம், அது தோற்ற விதம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்காரவைத்து முக்கால் மணி நேரம் பேசினேன். 2018இல் அவர்கள் தெருவிலேயே எடுத்த படங்களைப் போனில் காட்டினேன். தண்ணீர் எவ்வளவு வேகத்தில் ஏறும், மின்சாரம் எப்படி அடிக்கும், பாம்பு எங்கே ஒதுங்கும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்னதில் தவறான தகவல் ஒன்றுகூட இல்லை.

பத்தாவது நிமிடத்தில் பாட்டி எழுந்து உள்ளே போய் விளக்கேற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெரியவர் பாதியில் தறிக்குப் போனார். மகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அம்மா மட்டும் கடைசிவரை இருந்து, எல்லாவற்றுக்கும் "செரிங்க, செரிங்க" என்று தலையாட்டினார். அந்த ஒருவராவது ஒத்துக்கொண்டாரே என்று எனக்குத் திருப்தி. அந்தத் தலையாட்டலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்புறம் இரண்டு வாரம் வீட்டில் மருமகளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெளி ஆளைக் கூட்டிவந்து வீட்டு மானத்தை வாங்கிவிட்டார் என்று பேச்சு. இதற்கு நான்தான் காரணம். பயத்தைக் காட்டினால் நகர்வார்கள் என்று நினைத்தேன். அவர்கள் அந்த இரவை அனுபவித்தவர்கள். பயத்துக்கு அங்கே பஞ்சமே இல்லை. பயந்தவர்களுக்குப் படம் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இருபது வருடத்துக்கும் மேல் மீட்பு வேலை பார்த்தும் எனக்கு இது தெரியாமல் போனது. நாங்கள் போய் நிற்கும் நேரத்தில் யாரும் எங்களை மறுத்துப் பேசுவதில்லை, அதனால் மறுப்பைக் கேட்டுப் பழக்கமில்லை.

தறிக்குழி ஓரத்தில்

கொஞ்ச நாள் கழித்து, பெரியவர் தனியாக நெய்துகொண்டிருந்த நேரமாகப் பார்த்துப் போனேன். புத்தி சொல்லப் போகவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "அன்னைக்குத் தண்ணி முதல்ல எங்கீங்க வந்துச்சு?"

"குழியில" என்றார், தலை நிமிராமல்.

வாசலில் தண்ணீர் ஏறுவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பே, வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடை எதிர்த்துக்கொண்டு வந்து, தரைக்கடியில் கசிந்து தறிக்குழியில் ஊறியிருக்கிறது. ஊரே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு மட்டும் தெரியும். அந்த இரண்டு மணி நேரமும் அவர் என்ன செய்தார்? குழியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்.

"பாவு மொதலாளியோடதுங்க. நனைஞ்சா கூலி மட்டும் போறதில்ல, நூல் காசும் நம்ம தலையிலதான். பையனுக்கு இது தெரியாது. சொன்னா கடன் கிடன்னு பேச்சு வரும்."

திண்ணையைத் தாண்டாது என்று அவர் சொன்னதெல்லாம் மேல்பேச்சு. ஈரமில்லாத இடத்துக்குப் பாவை ஏற்ற வழியில்லை, அதனால்தான் மனிதர் நகரவில்லை. "உயிரைவிடவா தறி பெரிது" என்று அவரிடம் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள். அவர் கேட்க விரும்பிய கேள்வியை, பாவை எப்படிக் காப்பாற்றுவது என்பதை, நாங்கள் யாரும் அதுவரை கையில் எடுக்கவே இல்லை.

அன்று அவர் சுவரில் எனக்கு இரண்டு கோடு காட்டினார், 2005க்கு ஒன்று, 2018க்கு ஒன்று. தினமும் விடியற்காலையில் படித்துறையில் குளிப்பவர் அவர். எத்தனையாவது படியில் தண்ணீர் நின்றால் சாக்கடை எதிர்க்கும் என்பதை விரல் விட்டுச் சொன்னார். மேலிருந்து எண்ணினால் ஒன்பதாவது படி. கன அடிக் கணக்கு அந்த வீட்டில் யாருக்கும் மனதில் நிற்காது. படி எல்லோருக்கும் தெரியும்.

பாட்டியின் காரணம்

பாட்டியிடம் என் மனைவியை அனுப்பினேன். நாலைந்து நாள் சும்மா போய் வெற்றிலை மடித்துக் கொடுத்துப் பேசிவிட்டு வந்தவளிடம் ஒரு நாள் பாட்டியே சொல்லியிருக்கிறார். நாற்காலியில் தூக்கிக்கொண்டு போனபோது சேலை விலகிவிட்டது. இரண்டு கையும் நாற்காலியைப் பிடித்திருந்ததால் சரிசெய்ய முடியவில்லை. மேட்டில் நின்றவர்கள் போனில் படம் எடுத்தார்கள்.

"உசுரு போனாலும் போகுது, இன்னொருக்கா அப்படித் தூக்க உடமாட்டேன் கண்ணு."

நான் கூட்டத்தில் காட்டிய படங்களில் ஒன்று அந்த இரவில் எடுத்தது. அதில் அவர் இல்லை. ஆனால் அடுத்த படத்தில் தான் இருப்போமோ என்று அவர் பயந்திருக்கிறார். உள்ளே போய் விளக்கேற்றியது அதற்குத்தான்.

இன்னொன்றும் சொன்னார். காவிரி பெருகுவதைக் கெட்டதாகப் பேசுவது அவருக்குப் பிடிக்கவில்லை. "ஆத்தா பெருகுனா நல்லதுதான? அதுக்குத்தான பதினெட்டாம் பெருக்கு கும்பிடறோம். வெள்ளம் வெள்ளம்னு ஏன் வாய்விட்டுக் கூப்புடறீங்க?" இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடலாம். நான் தள்ளவில்லை. வார்த்தையை மாற்றுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் "பெருக்கு வேலை". பெயர் வைத்தது பேத்தி. அப்புறம் பாட்டி அந்தப் பேச்சிலிருந்து எழுந்து போகவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நாற்பது சாமான் பட்டியலை ஓரமாக வைத்தோம். 2018இல் உண்மையில் அடித்தவை எவை என்று பார்த்தால் மூன்றுதான்: பாவு, பாட்டி, இன்சுலின். அந்த மூன்றில் மட்டும் முதலில் கைவைப்பது என்று முடிவு செய்தோம். மருமகளுக்கு இதில் மனவருத்தம்தான். பட்டியல் அவருடைய உழைப்பு. ஆனால் ஒரே தடவையில் எல்லாவற்றையும் கேட்டால் ஒன்றும் நடக்காது என்பதை அவரே பார்த்திருந்தார்.

பாவுக்கு மகன் வழி கண்டுபிடித்தார். மில்லில் இயந்திரம் கழற்றி மாட்டுகிறவர். உத்தரத்தில் இரண்டு இரும்புக் கொக்கி அடித்து, கயிறும் கப்பியும் போட்டு, பாவைச் சுருட்டி அட்டாலி (பரண்) உயரத்துக்கு இழுத்துக் கட்டும்படி செய்தார். இரண்டு பேர் இருந்தால் ஒரு மணி நேர வேலை. செலவைப் பற்றி அவ்வளவு பேசியவர் இதைத் தன் காசில் செய்தார். அப்பா நூல் கடனைப் பற்றி அவரிடம் வாய் திறந்த நாளும் அதுதான். நான் அந்தப் பேச்சில் இல்லை, இருந்திருக்கவும் கூடாது.

பாட்டி தானே சில நிபந்தனை போட்டார். பகலில் போக வேண்டும், தன் காலால் நடந்து போக வேண்டும். முகாமுக்குப் போகமாட்டார்; கவுந்தப்பாடியில் கட்டிக்கொடுத்த இன்னொரு பேத்தி வீட்டுக்கு விருந்தாளியாகப் போவார். அதனால் ஐந்தாம் படியில் தண்ணீர் தொட்டதும் முதலில் கிளம்புவது பாட்டியும் குழந்தைகளும் என்று எழுதிக்கொண்டோம். மற்ற வீடுகளில் முதியவர்களைக் கடைசியில் தூக்குகிறார்கள். முதலில் கிளம்பினால் தூக்க வேண்டிய தேவையே வராது.

இன்சுலினுக்கு மருத்துவரைக் கேட்டோம். பிரிக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும்; பிரித்துப் பயன்படுத்துவது வெயில் படாத சாதாரண அறைச் சூட்டில் சுமார் நாலு வாரம் தாங்கும் என்றார். கரண்ட் இல்லாத நாளுக்கு, ஒரு மண் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து நடுவில் ஈர மணல் நிரப்பினோம். மருந்து, ஊசி, மாத்திரைச் சீட்டின் நகல் எல்லாம் ஒரு தூக்குப் போசிக்குள் (தூக்குவாளிக்குள்) போகும். போசியை எடுப்பது பேரன் வேலை. ஆறு வயதுப் பையன், தாத்தாவின் போசியை ஒரு நாளும் மறக்கவில்லை.

பத்திரங்கள் கட்டிலுக்கு அடியிலிருந்து அட்டாலிக்குப் போயின, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில். படம் எடுத்து டிஜிலாக்கரிலும் உறவினர் போனிலும் போட்டுவைத்தார் மருமகள். நாள்காட்டி அட்டையில் 1077, 108, 112, 101, கேஸ் கசிவுக்கு 1906 என்று பெரிய எழுத்தில் பேத்தி எழுதினாள். 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. படித்துறையில் எத்தனையாவது படி, அன்று மேட்டூரில் எவ்வளவு திறப்பு என்று ஒரு நோட்டில் குறித்துவருவதும் அவள் பொறுப்பு. பவானி ஆற்றிலும் தண்ணீர் வரும் நாளில் அதே திறப்புக்கு ஒரு படி கூடுதலாக ஏறுகிறது என்பதைக் கண்டு சொன்னது அந்த நோட்டுதான்.

மின்சாரத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கால் நனையாமல் நிற்கும்போதே மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். தரையில் தண்ணீர் வந்துவிட்டால் சுவிட்சைத் தொடவே கூடாது. இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் அதையும் தனியாக அணைக்க வேண்டும். மெயினை நிறுத்தினாலும் வயரில் கரண்ட் ஓடும். சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, மாடிக்கு ஏற்றுவது மகன் பொறுப்பு. அவர் ஷிப்டில் இருந்தால் நான்.

எப்போது சரிபார்ப்பது என்பதில் முடிவு சொன்னது பாட்டி. ஆடி ஒன்றாம் தேதி தேங்காய் சுட எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். ஆயுத பூஜைக்குத் தறியைக் கழுவித் துடைப்பார்கள். தென்மேற்குப் பருவத் தண்ணீர் ஆடி, ஆவணியில் வரும்; 2005இல் வந்த மாதிரி ஐப்பசி மழைத் தண்ணீரும் உண்டு. இரண்டுக்கும் முன்னால் ஒவ்வொரு நாள் தானாக அமைந்துவிட்டது. பிஸ்கட்டையும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பொரி, வறுத்த கடலை, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை என்று ஒரு டின். தீர்ந்தால் நிரப்புவது அவர் பாடு. அது அன்றாடம் தின்னும் பண்டம் என்பதால் கெட்டுப்போகவே இல்லை.

2019 செப்டம்பர்: வராத தண்ணீர்

அந்த செப்டம்பரில் மேட்டூர் மறுபடி நிரம்பியது. ஒன்பதாம் படி நனைந்தது. பாவை ஏற்றினார்கள். தண்ணீர் அதற்கு மேல் வரவில்லை. இரண்டு நாள் நெசவு போனது, கூலி போனது. மகன் கோபப்பட்டார். இந்த ஏற்பாடு அத்தோடு செத்துப்போயிருக்கலாம்.

காப்பாற்றியது பெரியவர். "ஏத்துனது பழகிக்கிட்டோம்னு வெச்சுக்க" என்று மகனிடம் சொன்னார். எங்களுக்கும் ஒரு திருத்தம் கிடைத்தது: ஒன்பதாம் படி நனைந்தால் மட்டும் போதாது, தண்ணீர் ஏறுமுகமாக இருக்க வேண்டும். அரை நாள் விட்டு இரண்டு முறை பார்த்து ஏறியிருந்தால்தான் பாவைத் தூக்குவது.

2020, 2021இல் கொரோனா. ஆடி ஒன்று வந்தது, தேங்காய் சுட்டார்கள், மற்றதை விட்டுவிட்டார்கள். எடுத்துவைத்த காசு பள்ளிக்கூடத்துக்கும் மருந்துக்கும் போனது. அதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன், அதுவும் அவசரம்தான்.

2022

ஜூலை 16ஆம் தேதி மேட்டூர் நிரம்பியது. மறுநாள் ஆடி ஒன்று. தேங்காய் சுடும் நெருப்பு அணைவதற்குள் பேத்தி நோட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். அந்த வாரமே பாவு மேலே போனது, நாற்பது நிமிடத்தில். தண்ணீர் கொஞ்சம் வடிந்தது, ஆகஸ்ட் தொடக்கத்தில் மறுபடி ஏறியது. திறப்பு 2 லட்சம் கன அடியை ஒட்டிப் போனது.

ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள் ஐந்தாம் படி நனைந்தது. பாட்டி கிளம்ப மறுத்தார். பெருக்குக் கும்பிடாமல் வரமாட்டேன் என்றார். இந்த முறை யாரும் சத்தம் போடவில்லை. மறுநாள் காலையில் குடத்தில் எடுத்துவைத்த காவிரித் தண்ணீரை வீட்டிலேயே வைத்துக் கும்பிட்டு, மதியம் தன் கூடையோடு, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, தெருமுனைவரை நடந்துபோய் ஆட்டோவில் ஏறினார். ஒரு நாள் தாமதம் ஆபத்துதான். ஆனால் பட்டப்பகலில், தன் காலால் போனார்.

அடுத்த நாள் மதியம் குழியில் ஊற்று. சாக்கடை வாயில் வைத்த மணல் மூட்டை தாங்கவில்லை. மெயினை அணைத்தார்கள், சிலிண்டர் மாடிக்குப் போனது, போசி வெளியே வந்தது. சாயங்காலம் வாசலில் தண்ணீர் ஏறும்போது வீட்டில் ஆளில்லை. பெரியவரும் மனைவியும் என் வீட்டுக்கு வந்தார்கள். வேளை தவறாமல் ஊசி போட்டார். தொடை அளவுத் தண்ணீர் வீட்டுக்குள் இரண்டு நாள் நின்றது. பாவு நனையவில்லை, பத்திரம் நனையவில்லை. திரும்பியபோது குழிக்குள் ஒரு பாம்பு கிடந்தது. முன்பே சொல்லி வைத்திருந்ததால் யாரும் கையையோ காலையோ விடவில்லை.

தவறியது

இதை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

வெளியேறிய அன்று இரவு ஒன்பது மணிக்கு என் வீட்டில் பெரியவரின் மனைவியைக் காணவில்லை. கொல்லைப்புறம், தெரு என்று தேடினோம். அவர் தனியாக வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தார். பின்பக்கக் கொட்டகையில் அவருடைய இரண்டு வெள்ளாடும் ஒரு குட்டியும் கட்டிக் கிடந்தன. மகன் ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். டார்ச்சோடு தண்ணீரில் இறங்கினார், பின்னாலேயே நானும். தெருவில் இடுப்பு அளவு, இழுப்பு இருந்தது. அம்மா குட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கொட்டகைத் தூணைப் பிடித்து நின்றிருந்தார். எல்லோரும் கரையேறினோம். ஆனால் அந்த நாலு வருடத்திலேயே ஒரு உயிர் போகக்கூடிய நிமிடம் அதுதான், நாங்கள் இவ்வளவு தயாராக இருந்தபோது வந்தது.

ஆட்டைப் பற்றி எங்கள் ஏற்பாட்டில் ஒரு வரிகூட இல்லை. ஏன் முன்பே சொல்லவில்லை என்று விடிந்ததும் கேட்டேன்.

"என்னைய யாருமே கேக்கலீங்களே" என்றார்.

கேட்கவில்லை என்பது நிஜம். மறுத்தவர்களிடம் போய் உட்கார்ந்தோம், ஏன் மறுக்கிறார்கள் என்று கேட்டோம், அந்தக் காரணங்களைக் கொண்டு எல்லாவற்றையும் அமைத்தோம். இவர் முதல் நாளே "செரிங்க" என்றவர். ஒத்துக்கொண்டவரிடம் கேட்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டோம். அந்த "செரிங்க" எங்கள் பேச்சு சீக்கிரம் முடியட்டும் என்று சொன்னதாகக்கூட இருந்திருக்கலாம். அந்த ஆடுகள்தான் அவர் கையில் தனியாக இருந்த ஒரே சம்பாத்தியம். அப்படிப் பார்த்தால் மாமனாரின் பாவும் மாமியாரின் ஆடும் ஒன்றுதான் என்று பின்னால் மருமகள் சொன்னார். எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டியது.

பிறகு மாற்றியவை

2023 ஆடி ஒன்றாம் தேதி முதலில் பேசச் சொன்னது அவரைத்தான். கொஞ்ச நேரம் தயங்கினார். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. விறகு நனைந்துபோனால் திரும்பி வந்த அன்று வெந்நீர் வைக்கவே வழியில்லை. குடிக்க எடுத்துவைத்த தண்ணீர்க் குடம் தரையில் இருந்ததால் அதிலும் அழுக்கு கலந்தது. பேத்தி பெரியவளாகிவிட்டாள், அவளுக்கு வேண்டிய துணி, நாப்கின் எதுவும் எந்தப் பையிலும் இல்லை. இதை என் முன்னால் சொல்லாமல் மருமகளிடம் சொன்னார். மருமகளின் பழைய நாற்பது சாமான் பட்டியலில் இதில் பாதி இருந்தது. அதை மறுபடி எடுத்து, இந்த முறை வீட்டார் சொல்லச் சொல்ல வெட்டியும் சேர்த்தும் எழுதினார்கள்.

மறுபடி இப்படி ஒரு வீட்டுக்குள் போனால் நான் கூட்டம் போடமாட்டேன், படம் காட்டமாட்டேன். ஒவ்வொருவரையும் அவரவர் வேலை செய்யும் இடத்தில் தனித்தனியாகப் பார்ப்பேன், எதிர்ப்புச் சொல்லாதவரை முதலில். என் மனைவி பாட்டியிடம் செலவழித்த அந்த நாலைந்து நாளை எல்லோருக்கும் ஒதுக்குவேன்.

சாக்கடை எதிர்த்து வருவதற்கு மட்டும் வீட்டளவில் தீர்வு கிடைக்கவில்லை. தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் மூடி ஒன்று தெருவின் கடைசியில் போட வேண்டும். தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். அதுவரை, ஒன்பதாம் படி நனைந்து ஏறுமுகமாக இருந்தால் சாக்கடை வாய்க்கு இரட்டை மூட்டை வைப்பது பெரியவர் வேலை. மூட்டை தைத்து மணல் நிரப்பி வைப்பது மருமகள். அன்று மதியமே ஆடுகளை மொட்டை மாடிக்கு ஏற்றித் தழை கட்டுவது பெரியவரின் மனைவி. முதல் தடவை படியேற மறுத்து முரண்டு பிடித்தவை, இப்போது தழையைக் காட்டினால் தாமாகவே ஏறுகின்றன.